மேகத்துக்குள் வழி கண்ட கதை



நம் தோட்டங்களுக்கு மேலே நாள்தோறும் ஆகாய விமானங்கள் பறந்து செல்கின்றன. வானம் வெளுத்திருக்கும்போது, "அதோ போகிறது!" என்று பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கை காட்டுகிறார்கள். மழை மேகம் மூடியிருக்கும்போது இரைச்சல் மட்டும் கேட்கிறது. விமானம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நமக்கு விமானம் தெரியவில்லை என்றால், அந்த விமானிக்கும் நம்முடைய மலையும் மரமும் தெரியவில்லை என்பதுதானே பொருள்? அப்படியானால் அவர் எதைப் பார்த்து ஓட்டுகிறார்? எங்கே இறங்க வேண்டும் என்று அவருக்குச் சொல்வது யார்?

இதற்கு விடை, கருவிகள் என்பதே. வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் இந்தக் கலைக்குச் சுமார் நூறு வயதுதான் ஆகிறது. இதன் வரலாற்றில் கடைசியாக வந்து சேர்ந்தது, உள்ளங்கையில் அடங்கும் ஜி.பி.எஸ். கருவி. விண்ணில் சுற்றும் துணைக்கோள்களின் உதவியால், நாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிசகுக்குள் அது சொல்லிவிடுகிறது. எனினும், மேகத்துக்குள் பறக்கும் விமானி அந்தக் கைக்கருவியைத் தன் முதன்மை வழிகாட்டியாகக் கொள்ள விதிகள் இடம் தருவதில்லை. இவ்வளவு துல்லியமான கருவிக்கு ஏன் இந்தத் தடை? இன்றைய உரையில் இதைத்தான் நாம் ஆராயப்போகிறோம்.

உடம்பு சொல்லும் பொய்

பிள்ளைகள் தட்டாமாலை சுற்றி விளையாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். கைகளை விரித்து வேகமாகச் சுற்றிவிட்டுத் திடீரென்று நின்றால், நின்ற பிறகும் பூமி சுற்றுவதுபோல் தோன்றும், கால் தள்ளாடும். இதற்குக் காரணம் காதுக்குள் இருக்கிறது. அங்கே மூன்று சிறிய வளைவுக் குழாய்கள் உள்ளன. அவற்றுக்குள் ஒருவகை நீர் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது அந்த நீரின் அசைவு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. நாம் நின்ற பிறகும் அந்த நீர் உடனே நிற்பதில்லை. ஆகவே இல்லாத சுழற்சியை இருப்பதாகச் சொல்கிறது. மெதுவாக, ஒரே சீராக, நெடுநேரம் சுற்றினாலோ, இருக்கின்ற சுழற்சியை இல்லை என்று சொல்லிவிடுகிறது.

தரையில் இருக்கும்போது காதின் பிழையைக் கண் திருத்துகிறது. மேகத்துக்குள் கண்ணுக்கு வேலை இல்லை. எங்கும் ஒரே வெண்மை. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வட்டமடித்துக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். விமானியோ நேராகப் போவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். தொடக்க காலத்தில் இப்படி மாண்ட விமானிகள் பலர்.

1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கிரிஸி விமானத் தளத்தில், வில்லியம் ஆக்கர் என்னும் ராணுவ விமானியை டேவிட் மையர்ஸ் என்ற மருத்துவர் சோதித்துப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார். எந்தப் பக்கம் சுற்றுகிறது, எப்போது நின்றது என்று ஆக்கரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அனுபவம் மிக்க விமானிக்கே இந்த நிலை! ஆக்கர் யோசித்தார். மறுமுறை ஒரு பெட்டிக்குள் திருப்பங்காட்டும் கருவியைப் பொருத்திக்கொண்டு வந்தார். உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டு, பெட்டிக்குள் இருந்த கருவியை மட்டும் பார்த்து விடை சொன்னார். விடைகள் சரியாக இருந்தன.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். விமானம் ஓட்டுகிறவர்கள் இந்த உண்மையை உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

பதினைந்து நிமிடப் பயணம்

1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி, நியூயார்க் அருகே மிட்சல் விமானத் தளத்தில் ஒரு புதுமை நடந்தது. ஜிம்மி டூலிட்டில் என்னும் விமானி இரட்டைச் சிறகு விமானம் ஒன்றின் பின் இருக்கையில் அமர்ந்தார். அவருடைய இருக்கை முழுவதும் ஒரு மூடியால் மறைக்கப்பட்டது. வெளியே ஒன்றும் தெரியாது. ஆபத்துக்கு உதவ, முன் இருக்கையில் பெஞ்சமின் கெல்சி என்னும் விமானி இருந்தார். கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாம் தொடவில்லை என்று கீழே நின்றவர்கள் அறியும்படி, அவர் தம் கைகளை வெளியே தெரிய வைத்துக்கொண்டார்.

டூலிட்டில் விமானத்தைக் கிளப்பினார், சுற்றி வந்தார், புறப்பட்ட இடத்திலேயே இறக்கினார். எல்லாம் பதினைந்து நிமிடங்களில் முடிந்தது. வெளியே பார்க்காமலே கிளம்பி, பறந்து, இறங்கிய முதல் விமானப் பயணம் அதுவே.

அவருக்கு உதவிய கருவிகளில் மூன்று முக்கியமானவை. வேகமாகச் சுற்றும் பம்பரம் சாய்வதில்லை அல்லவா? அந்தத் தத்துவத்தில் ஸ்பெர்ரி நிறுவனத்தார் செய்தவை இரண்டு. ஒன்று விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானம். மற்றொன்று திசையைக் காட்டுவது. மூன்றாவது, காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை நுட்பமாகக் காட்டும் கால்ஸ்மன் உயரமானி. ஓடுபாதை எங்கே இருக்கிறது என்பதைத் தரையிலிருந்து வந்த வானொலி அலைகள் சொல்லின.

விமானத்தை நேராக வைத்துக்கொள்ளும் வித்தை அன்றோடு கைக்கு வந்துவிட்டது. ஆனால் நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் இருக்கும் ஊருக்கு மேகத்தினூடே போய்ச் சேர்வது எப்படி?

காதால் கேட்ட பாதை

1920-களின் இறுதியில் அமெரிக்காவில் வானொலிப் பாதைகளை அமைக்கத் தொடங்கினார்கள். தந்தி அனுப்பும் மோர்ஸ் முறையில் 'ஏ' என்னும் எழுத்து ஒரு குறில் ஓசையும் ஒரு நெடில் ஓசையும் சேர்ந்தது. 'என்' என்னும் எழுத்து அதற்கு நேர்மாறு. தரை நிலையம் ஒன்று, ஒரு பக்கம் 'ஏ' ஓசையையும் மறுபக்கம் 'என்' ஓசையையும் அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டும் கலக்கும் நடுக்கோட்டில் ஒன்றின் இடைவெளியை மற்றது நிரப்பிவிடும். ஆகவே அங்கே இடைவிடாத ரீங்காரம் கேட்கும். விமானி காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு, ரீங்காரம் கேட்கும் வழியே போவார். 'ஏ' கேட்டால் ஒரு பக்கம் விலகிவிட்டார். 'என்' கேட்டால் மறுபக்கம் விலகிவிட்டார்.

இதில் ஒரு குறை இருந்தது. இடி மின்னல் வந்தால் காதில் கரகரப்பு நிறைந்துவிடும். வழி மிகவும் தேவைப்படும் வேளையிலேதான் வழி கேட்காமல் போகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், வி.ஓ.ஆர். என்னும் புதிய வானொலி வழிகாட்டி நிலையங்கள் உலகெங்கும் எழுந்தன. இவை இடி மின்னலால் அதிகம் பாதிக்கப்படாத உயர் அலைவரிசையில் இயங்கின. விமானி தான் போக வேண்டிய திசையைத் தேர்ந்தெடுத்தால், ஒரு முள் இடமோ வலமோ நகர்ந்து, பாதை எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும்.

நேயர்களே, இந்தக் கருவியில் முள்ளோடு சேர்த்து இன்னொன்றையும் வைத்தார்கள். நம்முடைய கதைக்கு அதுதான் முக்கியம். அது ஒரு சிறு கொடி. தரை நிலையத்தின் அலை வலுவிழந்தாலோ, நம்ப முடியாதபடி கெட்டாலோ, அந்தக் கொடி முகப்பில் வந்து நின்றுவிடும். 'இப்போது நான் காட்டுவதை நம்பாதே' என்பது அதன் பொருள். தரையிலும் அவ்வாறே ஒரு காவற்கருவி உண்டு. நிலையம் தவறான திசையைக் காட்டத் தொடங்கினால் அது நிலையத்தையே நிறுத்திவிடும். தவறு செய்யாத கருவி உலகில் இல்லை. தவறும்போது தானே சொல்லிவிடும் கருவியே மேகத்துக்குள் நம்பத் தக்கது. விமானத் துறை ஏற்றுக்கொண்ட நியதி இது.

எல்மினா தோட்டத்தில்

கருவி நம்பத் தக்கதாக இருந்தால் மட்டும் போதுமா? நம் நாட்டில் நடந்த ஒரு துயரம் இதற்கு விடை சொல்கிறது.

1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, மோசமான வானிலையில் சுபாங் விமான நிலையத்தை நெருங்கியது. கோலாலம்பூரில் இறங்கிப் பின்னர் சிங்கப்பூர் போக வேண்டிய விமானம் அது. அதில் 79 பேர் இருந்தார்கள். வி.ஓ.ஆர். நிலையத்தின் உதவியோடு அது இறங்கி வந்தது. வி.ஓ.ஆர். திசையை மட்டுமே காட்டும். தரை எவ்வளவு அருகில் இருக்கிறது என்று காட்டாது. அதனால்தான் இவ்வகை இறக்கத்துக்கு ஒரு கட்டளை உண்டு: ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத வரையில், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த விமானம் ஓடுபாதை தெரியாமலே அந்த உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஓடுபாதைக்குச் சில மைல் தொலைவில், எல்மினா ரப்பர்த் தோட்டத்துக் குன்றின் மேல் மோதியது. 34 பேர் மாண்டனர். 45 பேர் உயிர் பிழைத்தனர்.

பால்மரங்களுக்கிடையே விழுந்த அந்த விமானத்தை நம்மில் வயதானவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். எந்தக் கருவிக்கும் ஒரு வரம்பு உண்டு. அது எதைச் சொல்லும் என்பதோடு, எதைச் சொல்லாது என்பதையும் அறிந்தவரே அதை முழுமையாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்.

வானத்தில் ஏற்றிய விளக்குகள்

இனி, விண்வெளிக்குப் போவோம். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதல் துணைக்கோளை ஏவியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கையர், வைஃபன்பாக் என்னும் இரு இளம் விஞ்ஞானிகள் அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மை நோக்கி வரும் லாரியின் ஹாரன் ஓசை உயர்ந்தும், தாண்டிப் போனபின் தாழ்ந்தும் கேட்கும் அல்லவா? அதுபோலவே ஸ்புட்னிக்கின் அலையும் மாறியது. அந்த மாற்றத்தை அளந்து, துணைக்கோள் எந்தப் பாதையில் செல்கிறது என்று அவர்கள் கணக்கிட்டுவிட்டார்கள். தரையிலிருந்து துணைக்கோளின் இடத்தைக் காண முடியும் என்றால், துணைக்கோளைக் கொண்டு தரையில் நம் இடத்தையும் காண முடியுமல்லவா? இந்த எண்ணத்திலிருந்து டிரான்சிட் என்னும் திட்டம் பிறந்தது. 1964-ஆம் ஆண்டு முதல் அது நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு வழி காட்டியது. ஆனால், ஒரு முறை இடம் காண நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்ததால் வேகமாகப் பறக்கும் விமானத்துக்கு அது உதவவில்லை.

1973-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் புதிய திட்டம் ஒன்றை வகுத்தது. அதுவே ஜி.பி.எஸ். அதன் முதல் துணைக்கோள் 1978-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏவப்பட்டது.

அது வேலை செய்யும் விதம் எளிதாகப் புரியக்கூடியதே. மின்னல் வெட்டிய பிறகு இடி கேட்கும் வரை ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று நாம் மதிப்பிடுகிறோம். ஓசை வர எடுத்துக்கொண்ட நேரமே தூரத்துக்கு அளவு. ஜி.பி.எஸ். துணைக்கோளும் 'இப்போது இன்ன நேரம். நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்' என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அந்தச் செய்தி நம்மை வந்தடையும் நேரத்தைக் கருவி அளக்கிறது. மூன்று துணைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். நான்காவது ஒன்றும் இருந்தால், கருவியின் சொந்தக் கடிகாரத்தில் உள்ள பிழையையும் கணக்கிட்டு நீக்கிவிடலாம். வானொலி அலை ஒரு வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே, ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கு 300 மீட்டர் தவறிவிடும். துணைக்கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஒரு விமானம் வழி தவறியது

ராணுவத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடு பொதுமக்கள் கைக்கு வந்த வரலாற்றில் பெரும் சோகம் ஒன்று கலந்திருக்கிறது.

1983-ஆம் ஆண்டு, நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாகச் சியோலுக்குப் புறப்பட்ட கொரியன் ஏர்லைன்ஸ் 007 விமானம், பாதையை விட்டு மெல்ல மெல்ல விலகிச் சோவியத் நாட்டு வான்வெளிக்குள் நுழைந்தது. செப்டம்பர் முதல் தேதி சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேரும் மாண்டனர். அந்த விமானத்தில் வழிகாட்டும் கருவிகள் மூன்று இருந்தன. தானியங்கி ஓட்டுங்கருவி அவற்றின் சொல்லைக் கேட்டு நடக்கவில்லை. ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போயிற்று. விமானிகள் அதைக் கவனிக்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த அனைத்துலக விசாரணையின் முடிவு இதுவே.

அந்தத் துயரம் நடந்த இரண்டு வாரங்களில், ஜி.பி.எஸ். திட்டம் நிறைவேறியதும் உலகத்தின் பயணிகள் விமானங்களுக்கு அது கிடைக்கும் என்று அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது.

உள்ளங்கைக்கு வந்த கருவி

1989-ஆம் ஆண்டில் மெகல்லன் என்னும் நிறுவனம், பொதுமக்கள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய முதல் ஜி.பி.எஸ். கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை சுமார் 3,000 அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டில் தொடங்கிய வளைகுடா நெருக்கடியின்போது, பாலைவனத்தில் வழி அறிய அமெரிக்க வீரர்களுக்கு இத்தகைய கருவிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. ராணுவக் கருவிகள் போதாமல், கடையில் விற்கும் கருவிகளையே வாங்கிக் கொடுத்தார்கள். அதன் பிறகு விலை இறங்கிக்கொண்டே வந்தது.

சிறு விமானங்களை ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதமாகத் தோன்றியது. விமானத்தில் நிலையாகப் பொருத்தும் கருவிக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் கைக்கருவிக்கு. பேட்டரியில் ஓடுகிறது, ஓட்டுங்கைப்பிடியில் மாட்டிக்கொள்ளலாம், திரையில் வரைபடமே தெரிகிறது. விமானத்திலேயே பொருத்தியிருந்த பழைய வி.ஓ.ஆர். முள்ளைவிட இது நுட்பமாகவும் காட்டியது. 1993-ஆம் ஆண்டில், விமானத்தில் முறைப்படி பொருத்தி அங்கீகாரம் பெற்ற ஜி.பி.எஸ். கருவிகளை மேகத்துக்குள்ளும் பயன்படுத்த அமெரிக்க அதிகாரிகள் அனுமதி தந்தார்கள். ஆனால் கைக்கருவியை அதில் சேர்க்கவில்லை. மேகத்துக்குள் வழி அறியவோ, இறங்கவோ, முதன்மைக் கருவியாகக் கொள்ளவோ கைக்கருவிக்கு அனுமதி இல்லை என்று விமானிகளுக்கான அரசாங்கக் கையேடு தெளிவாகச் சொல்கிறது.

முத்திரை பெற்ற தராசு

"அதே துணைக்கோள், அதே அலை, அதே கணக்கு. பின் ஏன் இந்த வேற்றுமை?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கடையில் இரண்டு தராசுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் அரசாங்க முத்திரை இருக்கிறது, மற்றதில் இல்லை. இன்று இரண்டும் ஒரே எடையைக் காட்டலாம். ஆனால் முத்திரையில்லாத தராசு நாளைக்குத் தவறினால் அது நமக்குத் தெரியவராது. பால் எடையும் பழக்குலை எடையும் கூலியாக மாறுகிற வாழ்க்கையில், முத்திரையின் அருமையை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

விமானத்தில் பொருத்தும் கருவிக்கு முத்திரை தரும் முன் அதிகாரிகள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: துணைக்கோள் ஒன்று பொய் சொன்னால் உன்னால் கண்டுபிடிக்க முடியுமா? இதற்காக அந்தக் கருவிகளில் ஒரு சோதனை முறையைச் சேர்த்தார்கள். நான்கு துணைக்கோள்கள் இருந்தால் இடத்தைக் கணக்கிடலாம் என்று பார்த்தோம். ஐந்தாவது ஒன்றும் இருந்தால், சாட்சிகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு விசாரிப்பதுபோல் விசாரிக்கலாம். ஐந்து பேரின் வாக்குமூலமும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். ஆறாவது சாட்சியும் இருந்தால், பொய் சொல்வது யார் என்றே கண்டுபிடித்து விலக்கிவிடலாம். சாட்சிகள் போதவில்லை என்றாலும், முரண்பட்டாலும், கருவி உடனே எச்சரிக்கை காட்டும். பழைய வி.ஓ.ஆர். முகப்பில் வந்து நின்ற கொடியேதான் இங்கே புது உருவில் வந்திருக்கிறது.

சாதாரணக் கைக்கருவியிடம் இந்த உறுதியை யாரும் கேட்கவில்லை. அதுவும் தருவதாகச் சொல்லவில்லை. துணைக்கோள்களின் அலை போதவில்லை என்றால் சொல்லும். ஆனால் ஒரு துணைக்கோள் தவறான செய்தியைத் தெளிவாக அனுப்பினால், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு தவறான இடத்தை நம்பிக்கையோடு காட்டக்கூடும்.

துணைக்கோள் தவறுமா? தவறியிருக்கிறது. 2004-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, ஒரு ஜி.பி.எஸ். துணைக்கோளின் அணுக் கடிகாரம் கெட்டுப்போனது. தரையில் இருந்தவர்கள் அதை விலக்கி வைப்பதற்குச் சுமார் மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அதன் தூரக் கணக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலாகப் பிசகிவிட்டது. சாட்சிகளை ஒப்பிடும் கருவிகள் அந்தத் துணைக்கோளை ஒதுக்க வழி இருந்தது. ஒப்பிடாத கருவிகளுக்கு அது பொய் என்று தெரிய வழியில்லை.

வேறு காரணங்களும் உண்டு. பொருத்தப்பட்ட கருவியின் அலைவாங்கி விமானத்தின் முதுகில் வானம் பார்க்க இருக்கிறது. கைக்கருவியோ இறக்கையும் கூரையும் மறைக்கும் இடத்தில் இருக்கிறது. விமானப் பாதைகளின் விவரங்கள் 28 நாட்களுக்கு ஒரு முறை மாற்றி வெளியிடப்படுகின்றன. கைக்கருவியில் பழைய விவரமே கிடக்கலாம். ஓடுபாதையை நெருங்க நெருங்க, பொருத்தப்பட்ட கருவியின் முள் தானாகவே நுணுக்கமாகிச் சிறு விலகலையும் பெரிதாகக் காட்டும். கைக்கருவியிடம் அந்த ஏற்பாட்டை நாம் எதிர்பார்க்க முடியாது. மேலும், ஜி.பி.எஸ். சொல்லும் உயரத்தில் உள்ள பிசகு, அது சொல்லும் இடத்தில் உள்ள பிசகைவிடப் பொதுவாக அதிகம். குன்றுகளுக்கிடையே இறங்கும்போது அந்த வேற்றுமை உயிருக்கு உலை வைக்கும்.

ஆகவே கைக்கருவி வேண்டாத பொருளா? அல்லவே அல்ல. விமானத்தின் மின்சாரம் முழுவதும் அற்றுப்போனாலும் பேட்டரியில் ஓடும் கைக்கருவி அணைவதில்லை. 'நான் எங்கே இருக்கிறேன்' என்று குழம்பிய விமானிக்கு அருகில் உள்ள ஓடுபாதையை அது காட்டும். பொருத்தப்பட்ட கருவி சொல்வதைச் சரிபார்க்க இன்னொரு சாட்சியாக நிற்கும். உதவியாளாக வைத்துக்கொண்டால் அதைப்போல் நல்ல உதவி இல்லை, எசமானாக்கிவிட்டால்தான் ஆபத்து.

எச்சரிக்கையும் செவியும்

கைக்கருவி சந்தைக்கு வந்த அதே 1989-ஆம் ஆண்டு, பிப்ரவரி 19-ஆம் தேதி அதிகாலையில், சிங்கப்பூரிலிருந்து சுபாங்குக்கு வந்த சரக்கு விமானம் ஒன்று பூச்சோங் அருகே குன்றில் மோதியது. பணியாளர் நால்வரும் மாண்டனர். 'டூ ஃபோர் ஸீரோ ஸீரோ', அதாவது 2,400 அடிக்கு இறங்கு என்று தரையிலிருந்து சொன்னார்கள். முதலில் வந்த 'டூ' என்பதை எண்ணாகக் கொள்ளாமல், 400 அடிக்கு இறங்கு என்று விமானிகள் பொருள் கொண்டுவிட்டார்கள். தரை நெருங்குகிறது என்று அறிவிக்கும் கருவி அந்த விமானத்தில் இருந்தது. அது எச்சரித்தது. ஒருமுறை அல்ல, மீண்டும் மீண்டும் எச்சரித்தது. அவர்கள் அதற்குச் செவி கொடுக்கவில்லை.

கருவி கொடி காட்டுவது பாதி வேலை. கொடியைக் கண்டு நிற்பது மனிதன் செய்ய வேண்டிய மறு பாதி.

1990-களில் இந்த எச்சரிக்கைக் கருவியையும் ஜி.பி.எஸ்.ஸையும் உலகத்து மலைகளின் வரைபடத்தையும் ஒன்றாக இணைத்தார்கள். முன்னே மலை வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும் கருவி பிறந்தது. அதன் பின்னர், நல்ல நிலையில் பறக்கும் விமானம் மலையில் மோதி அழியும் விபத்துகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

இன்றைய நிலை

2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். அலையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. சுமார் நூறு மீட்டராக இருந்த பிசகு ஒரே இரவில் பத்து, இருபது மீட்டராகக் குறைந்தது. 2003-ஆம் ஆண்டில் அந்நாட்டில் தரையிலிருந்தே துணைக்கோள்களைக் கண்காணிக்கும் ஏற்பாடு தொடங்கியது. துணைக்கோள் தவறினால் சுமார் ஆறு வினாடிக்குள் விமானத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேரும்.

எனினும், துணைக்கோளின் அலை நம்மை அடையும்போது மிகமிக மெல்லியதாகிவிடுகிறது. அதைச் சிறு கருவி ஒன்று கெடுத்துவிட முடியும். அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டில், தன் வண்டி எங்கே போகிறது என்று முதலாளி கண்காணிப்பதை மறைக்க ஓர் ஓட்டுநர் சிறு தடுப்புக் கருவியை வைத்துக்கொண்டார். அவர் நியூவார்க் விமான நிலையத்தின் அருகே போனபோது, அங்கே சோதித்துக்கொண்டிருந்த வழிகாட்டும் ஏற்பாட்டுக்கே அது இடையூறாகிவிட்டது. மறு ஆண்டில் அவருக்குச் சுமார் 32,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. போர் நடக்கும் பகுதிகளில் இத்தகைய தடுப்பு இன்று பெரிய அளவில் நடக்கிறது. ஆகவேதான் துணைக்கோள் வந்த பிறகும் தரையில் உள்ள பழைய வானொலி நிலையங்களை எல்லா நாடுகளும் முற்றிலும் எடுத்துவிடவில்லை.

அன்று 3,000 டாலருக்கு விற்ற கருவி, இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது. விமானிகளும் கைக்கணினியில் வரைபடம் பார்த்துக்கொண்டு பறக்கிறார்கள். ஆனால் மேகத்துக்குள் போகும்போது விதி மாறவில்லை: முத்திரை பெற்ற கருவியே முதல் சாட்சி, கையில் இருப்பது துணைச் சாட்சி.

நேயர்களே, ஆக்கரின் சுழல் நாற்காலியிலிருந்து இன்று வரை நாம் பார்த்த இந்த வரலாறு ஒரே பாடத்தைத்தான் பலமுறை கற்பிக்கிறது. உடம்பை நம்பியவர்கள் வீழ்ந்தார்கள். கருவியின் வரம்பை மறந்தவர்கள் வீழ்ந்தார்கள். எச்சரிக்கையைக் கேளாதவர்களும் வீழ்ந்தார்கள். கருவியைச் சோதித்து, அதன் வரம்பை அறிந்து, அது எச்சரிக்கும்போது நின்று யோசித்தவர்களே பத்திரமாகத் தரை சேர்ந்தார்கள். அடுத்த முறை மேகத்துக்கு மேலே விமானத்தின் இரைச்சல் கேட்டால், நம் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வோம். அவர்களில் ஒருவர் நாளை அந்த ஓட்டுநர் இருக்கையில் அமரக்கூடும். அல்லது அந்தக் கருவியைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போகக்கூடும். எந்த வேலைக்குப் போனாலும், 'இது சரியா?' என்று கேட்பதோடு, 'இது தவறினால் எனக்கு எப்படித் தெரியும்?' என்றும் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வரட்டும்.